மாணவர்களுக்கு மேற்கோள் காட்டவும் சொந்த நடையில் எழுதவும் சொல்லித்தர இணையப் பாடம் தயாரிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

வீடியோவில் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். 2020 ஊரடங்கில் 'ப்ராஜெக்ட் எழுதுவது எப்படி' என்று நாற்பது நிமிட வீடியோக்கள் ஏழெட்டு எடுத்து யூடியூபில் ஏற்றினேன். ஒன்றுக்கு மொத்தமே 11 பார்வைகள். அதில் மூன்று என்னுடையவை. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்கள்தான் அவர்களைப் பிடித்து வைக்கின்றன என்கிறது. அதை நான் படித்தது பிறகுதான்.

அப்புறம் வழியை மாற்றினேன். பழைய மாணவர் ஒருவரின் ப்ராஜெக்டிலிருந்து ஒரே ஒரு பத்தி. அவரிடம் கேட்டுக்கொண்டு, பெயரை எடுத்துவிட்டு. அவர் பார்த்து எழுதிய மூலக் கட்டுரை மேலே, அவர் எழுதியது கீழே, அப்படியே வந்துவிட்ட வரிகளில் மஞ்சள் கோடு. (முதலில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்திருந்தேன். போனில் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது.) கூடவே மூன்று நிமிட ஆடியோ. மாதிரிப் பத்தி ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்காமலேயே சுற்றியது.

நம் மாணவர்கள் காப்பியடிப்பதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று பழகியவர்கள். இங்கே வந்ததும் அதுவே குற்றம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனையில்லை. 60ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. இதில் அவர்கள் பிடித்துக்கொள்வது எண்ணை மட்டும். "பத்துக்குக் கீழே கொண்டுவரணும் சார்" என்று சொல்லி, வார்த்தைக்கு வார்த்தை மாற்றி வாக்கியத்தைக் கெடுத்துக்கொண்டு வருவார்கள்.

மேற்கோள் எதற்கு என்று புரியவைக்க எனக்குக் கைகொடுத்தவர் தொல்காப்பியர். எழுத்து முப்பது என்று சொல்லும்போதுகூடத் தன் பாட்டுக்குச் சொல்லாமல் 'முப்பஃ தென்ப' என்றார். 'என்ப' என்றால் 'என்று சொல்வார்கள்'. சொன்னவர்கள் யாரென்று தொல்காப்பியர் பெயர் போடவில்லை, நீங்கள் பெயரும் ஆண்டும் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். சிரித்தார்கள், ஆனால் பிடித்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பத்திக்கும் பிறகு கூகுள் ஃபார்மில் நான்கு கேள்விகள் வையுங்கள். தவறான விடைக்கு ஏன் தவறு என்று ஒரு வரி காட்ட அதிலேயே வசதி இருக்கிறது. உழைப்பெல்லாம் அந்த ஒரு வரியில்தான். எல்லாவற்றையும் நீங்களே செய்யவும் வேண்டாம். ஆய்வுக் கட்டுரைக்கான ஆங்கிலத் தொடர்களை மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 'அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்' என்று தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. சுட்டி கொடுத்தால் போதும்.

எப்போது அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ப்ராஜெக்ட் முதல் அத்தியாயத்துக்குக் கெடு வைக்கும் அந்த வாரத்தில் அனுப்புங்கள். ஜூனில் அனுப்பியதை ஜனவரியில் எவரும் மேலே தள்ளித் தேடுவதில்லை.