எம்.எஸ். ஊசியை விட்டு மாத்திரைக்கா, ட்ரிப்புக்கா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், வயது 33. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்) என்ற நரம்பு நோய்க்குச் சில ஆண்டுகளாக இண்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு இரண்டு முறை கால் மரத்துப்போனது. ஈப்போ டாக்டர் ஃபிங்கோலிமோட் மாத்திரைக்கோ ஒக்ரெலிசுமாப் ட்ரிப்புக்கோ மாறலாம் என்கிறார். எது நல்லது? அதுவரை ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், இண்டர்ஃபெரானிலிருந்து இந்த இரண்டுக்குமே பொதுவாக இடைவெளி விடாமல் மாறலாம்.

கால் மரத்தது எப்போது? வெயிலில் வேலை செய்தபோதோ காய்ச்சலிலோ வந்து, உடம்பு குளிர்ந்ததும் போய்விட்டதா? அப்படியானால் அது பழைய பாதிப்பு சூட்டில் தலைகாட்டுவது. ஊசி தோற்றதாக அர்த்தமில்லை. காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்ததா, எம்.ஆர்.ஐ.யில் புதுத் தழும்பு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: ஏ.க்யூ.பி.4 ரத்தப் பரிசோதனை செய்தார்களா? எம்.எஸ். போலவே தோன்றும் என்.எம்.ஓ. என்ற வேறு நோயைக் கண்டுபிடிக்கத்தான் அது. அந்த நோய் ஆசிய மக்களிடம் அபூர்வமில்லை. அதற்கு இண்டர்ஃபெரான் கேட்காது, ஃபிங்கோலிமோட் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

நோய் எம்.எஸ்.தான் என்று உறுதியானால், 2010, 2017இல் வெளியான பெரிய ஆய்வுகளில் இரண்டு மருந்துகளுமே இண்டர்ஃபெரானைவிட நோய்த் தாக்குதல்களை ஏறக்குறைய பாதியாக்கின. ஆனால் அவை தனித்தனி ஆய்வுகள். ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கவில்லை. அதை வைத்து வெற்றியாளரை அறிவிக்க முடியாது.

எனவே உங்கள் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். ஃபிங்கோலிமோட் தினமும் ஒன்று. முதல் மாத்திரை அன்று இதயத்துடிப்பு குறையலாம் என்பதால் 6 மணி நேரம் கண்காணிப்பார்கள். கண் பரிசோதனையும் உண்டு. பெரிய சிக்கல் நிறுத்தும்போதுதான்: சிலருக்கு நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், கருத்தரிக்க 2 மாதம் முன்பே அதை விட வேண்டும். அந்த இடைவெளிதான் எனக்குக் கவலை.

ஒக்ரெலிசுமாப் முதலில் இரண்டு வார இடைவெளியில் இருமுறை, அப்புறம் 6 மாதத்துக்கு ஒருமுறை. ஈப்போவுக்கு அலைச்சல் குறைவு, நிறுத்தினாலும் விளைவு பல மாதம் நிற்கும். விலை அதிகம், அரசாங்க மருத்துவமனையில் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி கட்டாயம் பார்ப்பார்கள், காசநோயும் பார்ப்பது நல்லது. தடுப்பூசி பாக்கி இருந்தால் முதலில் போட்டுவிடுங்கள்.

குழந்தை ஆசை இருந்தால் என் சாய்வு ட்ரிப் பக்கம். மாத்திரைதான் கிடைக்கும் என்றால், கையிருப்பு தீர்வதற்கு முன்பே அடுத்த மாத்திரைகளை வாங்கிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் முதல் நாள் கண்காணிப்பை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.