தாத்தாவின் இறப்பைப் பல வருடம் கழித்துப் பதிவு செய்ய நீதிமன்றம் போக வேண்டுமா?

தாத்தா 2009-இல் வீட்டிலேயே இறந்தார், அப்போது யாரும் பதியவில்லை, இப்போது பட்டா மாற்றுவதற்கு இறப்புச் சான்று கேட்கிறார்கள் என்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், இன்னும் பதியலாம்.

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். முன்பு இதற்கு நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தப்படி, இந்த அதிகாரம் இப்போது வருவாய்த் துறை அதிகாரிகளிடம் இருக்கிறது; தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுங்கள்.

அதற்கு முன், இறந்த ஊரின் பதிவாளரிடம் 'பதிவு இல்லை' என்று எழுத்தில் வாங்குங்கள். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். பலர் சொந்த ஊரில் போய் அலைகிறார்கள். உயிர் பிரிந்த இடம்தான் கணக்கு.

அப்புறம் ஆதாரம். மயான ரசீது, தேதி அச்சான கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இறுதிச் சடங்கில் இருந்த பெரியவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள், விசாரணையில் அவர்கள் சொல்வதற்கு மதிப்பு உண்டு. எல்லாத் தாளிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். உத்தரவு வந்ததும் அதே பதிவாளரிடம் தாமதக் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கலாம்.