கிராப்பி ட்ரோலிங்குக்கு வீட்டில் ஜிக் வார்க்கிறேன். எட்டுக் கோலில் இரண்டு மட்டும்தான் மீன் பிடிக்கின்றன. எங்கே தவறு?

கிராப்பி என்பது அமெரிக்க நன்னீர் மீன். ஜிக் என்பது முள்ளில் உலோகத் தலை வார்த்து, இறகோ ரப்பரோ சேர்த்த தூண்டில் இரை. அதை ஓடும் படகிலிருந்து இழுத்துப் பிடிப்பது ட்ரோலிங். கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: 1/16 அவுன்ஸ் தலைகளை ஈயத்தில் வார்க்கிறார், பவுடர் பெயிண்ட் பூசுகிறார், மராபூ என்ற மென்மையான இறகில் வால் கட்டுகிறார். தலைகளில் சுருக்கம் விழுகிறது, பெயிண்ட் உரிகிறது. எட்டுக் கோல் போட்டால் இரண்டில்தான் கடி. எந்த நிறத்துக்கு மாறலாம் என்று கேட்கிறார்.

நிறத்தைக் கடைசியில் பார்ப்போம். நின்ற இடத்திலிருந்து வீசிப் பிடிப்பவருக்கு ஜிக் எப்படி அசைகிறது என்பது முக்கியம். படகை மெல்ல ஓட்டிக்கொண்டே இழுப்பவருக்கு அது எந்த ஆழத்தில் போகிறது என்பதுதான் முக்கியம். கிராப்பியின் கண் மேல்நோக்கிய அமைப்பு. தலைக்கு மேலே போகும் இரையை எழும்பி வந்து எடுக்கும், கீழே போவதைத் தேடி இறங்குவது அபூர்வம். எட்டு ஜிக்கும் எட்டு எடை என்றால் எட்டு ஆழத்தில் போகும். அவற்றில் இரண்டு மீனின் கண்ணுக்குச் சற்று மேலே போயிருக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டும் பச்சை நிறமாக இருந்துவிட்டால் ‘இன்று பச்சைதான் ஓடுகிறது’ என்று நாமே ஒரு கதை கட்டிவிடுவோம்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு. 1/16 அவுன்ஸ் என்பது 1.77 கிராம். அச்சில் பொறித்திருக்கும் எடை ஈயத்துக்கு மட்டுமே, அதுவும் உத்தேசமாகத்தான். முள், பெயிண்ட், நூல், இறகு எல்லாம் அதற்கு மேல். முடித்த ஜிக்குகளை எடை போட்டு, 0.05 கிராமுக்கு மேல் வித்தியாசப்படுபவற்றைத் தனி டப்பாவில் போடுங்கள். அவை வீண் இல்லை. அவற்றில் ஒரே எடை வருபவை ஒரு செட்டாகும்.

இனி வார்ப்பு. தலையில் சுருக்கம் விழுவது ஈயத்தின் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அச்சு குளிர்ந்திருப்பதுதான் காரணம். ஈயம் 327.5 டிகிரி செல்சியஸில் உருகும். சிறு தலைகளுக்கு 370 முதல் 400 டிகிரி வரை சூடு இருந்தால் ஓட்டம் நன்றாக இருக்கும். ஆனால் அலுமினிய அச்சு அந்தச் சூட்டை நொடியில் குடித்துவிடும். முதல் ஐந்தாறு முறை முள் வைக்காமலே ஊற்றி, எடுத்து, மறுபடி பாத்திரத்திலேயே போடுங்கள். தலை வழுவழுப்பாக வரத் தொடங்கிய பிறகு முள்ளை வையுங்கள். 1/32 மாதிரிப் பொடி அளவுகளில் குளிர்ந்த முள்ளே ஈயத்தை உறைய வைத்துவிடும். அங்கே முட்களை அச்சில் வைத்து மூடி, சில நொடி சூடேற விட்ட பிறகு ஊற்றலாம். குழிகளை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரி படிய வைத்தால் ஈயம் மூலைவரை ஓடும். மெல்லிய படலம் போதும், தடித்தால் தலையில் புள்ளி விழும்.

தலை மங்கலாக, மேலெல்லாம் பொரி பூத்தது போல் வந்தால் சூடு மிகுதி. அச்சை ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். விளிம்பில் தகடு போல ஈயம் பிதுங்கினால் அச்சு முழுதாக மூடவில்லை என்று பொருள். குழிகளுக்கு இடையே ஈயத் துணுக்கு சிக்கியிருக்கும், அல்லது அச்சின் பள்ளத்துக்குப் பொருந்தாத தடித்த கம்பி முள்ளைப் போட்டிருப்பீர்கள். கழுத்து மட்டும் நிரம்பாமல் நின்றால், அச்சைச் சற்றுச் சாய்த்து, ஈயத்தை ஒரே சீரான ஓட்டமாக விடுங்கள். விட்டு விட்டு ஊற்றினால் நிரம்பாது.

எந்த ஈயம்? சிறு தலைகளுக்கு மென்மையான சுத்த ஈயம் நல்லது. பழைய கார் சக்கர எடைகளில் ஆன்டிமனி கலந்திருக்கும். தலை கடினமாகும், எடை சற்றுக் குறையும், பொடிக் குழிகள் அவ்வளவு எளிதில் நிரம்பாது. அதைவிடத் தொல்லை, இப்போது வரும் சக்கர எடைகளில் பல துத்தநாகம். துத்தநாகம் 419 டிகிரிக்கு மேல்தான் உருகும். பாத்திரத்தை 400க்குக் கீழேயே வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், வழித்து எறிந்துவிடலாம். தெரியாமல் சூட்டை ஏற்றி உருக விட்டால் மொத்த ஈயமும் கஞ்சி போலாகி, எந்தக் குழியிலும் இறங்காது. மேலே படியும் கசடை எடுக்க, பட்டாணி அளவு மெழுகைப் போட்டுக் கிளறி வழியுங்கள். மெழுகு குப்பென்று தீப்பிடிக்கும், முகத்தை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் விளையாட்டே கூடாது. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் போனாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். ஈரப்பதம் இருக்கலாம் என்று சந்தேகப்படும் பழைய ஈயத்தைக் குளிர்ந்த பாத்திரத்தில் போட்டுத்தான் சூடேற்ற வேண்டும். கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு கட்டாயம். இந்தச் சூட்டில் ஈயம் பெரிதாக ஆவியாவதில்லை. உடம்புக்குள் போவது கசடின் தூசு வழியாகவும், கழுவாத கை வழியாகவும்தான். சமையலறையில் உருக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள், அந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.

முள் விஷயத்தில் கடை ஜிக்கைவிட வீட்டு ஜிக் முந்துகிறது. கிராப்பிக்கு அமெரிக்காவில் ‘பேப்பர் வாய்’ என்று ஒரு பெயர் உண்டு. உதட்டோரச் சவ்வு அவ்வளவு மெல்லியது. சின்ன முள் அந்தச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே 1/16 தலைக்கு 4ஆம் எண்ணைவிட, வாய் அகன்ற 2ஆம் எண் அபெர்டீன் முள் (மெல்லிய கம்பி முள் வகை; எண் குறைந்தால் முள் பெரிது) நன்றாகப் பிடிக்கும், அச்சு இடம் கொடுத்தால். மெல்லிய கம்பி என்பதால் நீருக்கடியில் கிடக்கும் மரக்கிளையில் மாட்டினால், நிதானமாக இழுக்கும்போது முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். குறடால் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று முறைக்கு மேல் வளைத்த முள்ளை நம்பாதீர்கள்.

பெயிண்ட் உரிவதற்கு அநேகமாக ஒரே காரணம், வேகாதது. பவுடர் பெயிண்ட் தலையில் உருகிப் பளபளப்பானதும் வேலை முடிந்தது என்று தோன்றும். அது ஒட்டியிருக்கிறதே தவிர இறுகவில்லை. 177 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் சுட்டால்தான் கல்லில் மோதினாலும் நிற்கும். இதற்கென்று ஒரு பழைய டோஸ்டர் ஓவன் ஒதுக்குங்கள். அதில் பிறகு ரொட்டி சுடக் கூடாது.

பூசும் முறையில் கண்ணளவுதான் பெரிது. தலையை ஸ்பிரிட்டில் கழுவிக் காயவிட்டு, முள்வளைவைக் குறடால் பிடித்து, சூடான காற்று ஊதும் ஹீட் கன் முன்னே காட்டுங்கள். பிறகு தளர்வாகக் கிளறிவிட்ட பவுடரில் ஒரு நொடி முக்கி எடுங்கள். பவுடர் தானாக உருகி மினுங்கினால் சூடு சரி. மணல் ஒட்டினாற்போல் நின்றால் இன்னும் கொஞ்சம் காட்டுங்கள். பணியாரம் போல் உப்பிக் கட்டியாக வந்தால் சூடு அதிகம். அந்தக் கட்டி எடையையும் கூட்டும், தலையின் உருவத்தையும் கெடுக்கும். டப்பா பவுடர் அடியில் இறுகிவிடும் தொல்லைக்கு, மீன்தொட்டிக் காற்றுப் பம்பை அடியிலிருந்து ஊதவைக்கும் சின்னக் கிண்ணம் ஒன்று செய்துகொண்டால் பூச்சு சீராக வரும். முள்ளின் காதில் (தூண்டில் நரம்பு கட்டும் துளையில்) அடைத்த பெயிண்டை ஓவனுக்குள் வைக்கும் முன்பே ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். வெந்த பிறகு அதைக் குடைவது வீண் வேலை.

ஈயம் தடை செய்யப்பட்ட மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் நீர்ப்பறவைகளைக் காக்க, சிறு ஈய ஜிக்குகளுக்குத் தடை உண்டு. மாற்றாகப் பலர் வாங்குவது 58 விழுக்காடு பிஸ்மத், 42 விழுக்காடு வெள்ளீயம் கலந்த உலோகம். அது 138 டிகிரியிலேயே உருகிவிடும். அதை 177 டிகிரி ஓவனில் பெயிண்டோடு வைத்தால் தட்டில் சொட்டுச் சொட்டாகக் கிடக்கும், வெறும் முள்தான் தொங்கும். அந்தத் தலைகளுக்கு நகப்பூச்சோ, காற்றில் உலரும் பெயிண்டோதான் சரி. எடையும் ஈயத்தில் முக்கால் பங்குதான் வரும். அதே ஆழம் வேண்டுமானால் ஒரு அளவு பெரிய குழியில் வாருங்கள்.

கட்டும் வேலைக்கு வருவோம். எதிர்முள் போல் பல் வைத்த கழுத்து உள்ள அச்சுகள் ரப்பர் உடலுக்கானவை. நூல் சுற்ற, பல் இல்லாத கழுத்து வேண்டும். 140 டெனியர் (நூலின் பருமன் அளவு) நூலைத் தலைக்குப் பின்னால் தொடங்கி வளைவுவரை கொண்டு போங்கள். மராபூவை விரலில் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்தால் அதன் உண்மையான பருமன் தெரியும். நனைந்த நிலையில் தீக்குச்சிப் பருமன் போதும். வால் நீளம் முள்தண்டின் நீளத்துக்குச் சமம். கூடினால் கத்தரியால் வெட்டாதீர்கள், நுனி பிரஷ் போல மொட்டையாகிவிடும். நகத்தால் கிள்ளி எடுத்தால் இயல்பாக இழைந்து நிற்கும். மீன் தட்டுகிறது ஆனால் மாட்டவில்லை என்றால், நிறத்தை மாற்றும் முன் வாலில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிப் பாருங்கள்.

உடலுக்குச் சுற்றும் பஞ்சு போன்ற செனில் நூலின் முனையில் அரை சென்டிமீட்டர் பஞ்சை உருவிவிட்டு, நடுநூலை மட்டும் கட்டினால் வால் அருகே முண்டு விழாது. ஐந்தாறு சுற்றில் தலைவரை வந்து, நூலால் இறுக்கி, நான்கைந்து முறை முடிச்சிட்டு, ஒரு துளி சூப்பர் க்ளூ. துளி பெரிதானால் பசை செனிலுக்குள் ஊறிக் கட்டையாகிவிடும். எல்லா ஜிக்கிலும் சுற்று எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சுற்று கூடினால் உடல் பருத்து நீர் இழுப்பு கூடும், ஜிக் மேலே எழும்பும். எடை ஒன்றாக இருந்தும் ஆழம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மராபூ எல்லா வேகத்துக்கும் ஏற்றதல்ல. மிசிசிப்பியின் கிரெனடா, சார்டிஸ் போன்ற கலங்கிய ஏரிகளில் படகின் முன்பக்கம் கோல்களை விசிறி போல் விரித்து, மணிக்கு அரை மைல் அளவில் நகர்த்துகிறார்களே, அந்த வேகத்தில் மராபூ மூச்சு விடுவது போல் விரிந்து சுருங்கும். பின்னால் நீள நரம்பு விட்டு மணிக்கு ஒரு மைலுக்கு மேல் இழுக்கும்போது அதே இறகு பென்சில் போல ஒடுங்கிவிடும். அங்கே சற்று விறைப்பான முடி வால், அல்லது சுருள்வால் ரப்பர்தான் வேலை செய்யும்.

முடித்த ஜிக்கை ஒரு துண்டு நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். மீன் நீந்துவது போல் கிடையாக நிற்க வேண்டும். தலை மேலே தூக்கி, வால் தொங்கினால் முடிச்சு காதின் முன்பக்கம் சறுக்கியிருக்கும். காதுக்குள் தளர்வாக ஆடும் வளைய முடிச்சுப் போட்டால் இந்தத் தொல்லை குறையும். அடுத்து, படகோரம் நீரில் விட்டு ஓடும் வேகத்தில் இழுத்துப் பாருங்கள். சுழன்றால் வால் நடுவில் இல்லை, அல்லது ரப்பர் உடல் கோணலாகக் குத்தியிருக்கிறது. சுழலும் ஜிக் ஒரு மணி நேரத்தில் நரம்பு முழுவதையும் முறுக்கிவிடும்.

ஆழத்தை அளக்க ஏரியிலேயே வழி இருக்கிறது. ஆழம் காட்டும் சோனார் கருவியில் 8 அடி என்று மாறாமல் காட்டும், மரம் மட்டை இல்லாத தட்டைத் தரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கோலிலும் ஒரே தடிமன் நரம்பு, ஒரே நீளம். 6 பவுண்டு நரம்பும் 10 பவுண்டு நரம்பும் கலந்தால் தடித்தது மேலே போகும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கோல்நுனிகள் தரையைத் தட்டித் துடிக்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்துக்கு, அந்த ஜிக்குக்கு, அந்த வேகம்தான் 8 அடி. எட்டுக் கோலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தட்டினால் உங்கள் வார்ப்பும் கட்டும் சரி. முந்தித் தட்டுவது கனமானது, கடைசிவரை தட்டாதது பருத்தது. இரண்டையும் கழற்றித் தராசில் போடுங்கள்.

இதெல்லாம் ஒன்றானபின் நிறத்துக்கு வரலாம். கலங்கிய நீரில் கறுப்போடு கிளிப்பச்சை கலந்த மஞ்சள், தெளிந்த நீரில் வெள்ளை, சாம்பல் என்று தொடங்குங்கள். எட்டில் நான்கு ஒரு நிறம், நான்கு வேறு நிறம், மாற்றி மாற்றி. ஒரு நிறத்தில் கடி கூடினால் மற்ற நான்கில் இரண்டை மட்டும் அந்த நிறத்துக்கு மாற்றுங்கள். எட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், மீனின் ஆசை மாறியதா, மேகம் வந்து மீன் மேலே ஏறியதா என்று பிரித்தறிய ஒரு கோலும் மிஞ்சாது.

ஒருவர் எத்தனை கோல், ஒரு கோலில் எத்தனை முள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மின்னசோட்டாவில் கோடைக்காலத்தில் ஒருவருக்கு ஒரு நரம்புதான். எட்டுக் கோல் செட்டு செய்யும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதை விற்கலாம் என்று எண்ணமிருந்தால், தூண்டில் சாமான் செய்து விற்பவருக்கு அமெரிக்காவில் 10 விழுக்காடு மத்திய கலால் வரி உண்டு, சமையல் மேசையில் செய்தாலும்.