கல்லூரி வாசலில் வேப் கடை: வயதை யார் பார்ப்பது?

கேள்வி: கல்லூரிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன், வேப்பும் (இ-சிகரெட்) விற்கிறோம். கல்லாவில் நிற்பவர்கள் அதே கல்லூரியில் படிக்கும் பகுதிநேரப் பையன்கள். வயது வராதவர்களுக்கு விற்பனை நடக்காமல் எப்படித் தடுப்பது?

பதில்: எந்த நாடு என்று எழுதவில்லையே. இந்தியா என்றால் பேச்சே இல்லை, 2019 சட்டப்படி யாருக்குமே வேப் விற்கக் கூடாது, ஸ்டாக் வைத்திருந்தாலே குற்றம். பிரிட்டனில் 18, அமெரிக்காவில் 2019 டிசம்பரிலிருந்து 21. இந்த 21தான் பெரிய வில்லங்கம், ஏனென்றால் 20 வயதுக்காரரும் 21 வயதுக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், முகத்தைப் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது.

முடியாத வேலையை உங்கள் பையன்கள் தலையில் கட்டாதீர்கள். வருகிறவன் ஹாஸ்டல் நண்பன், "டேய், என்னைத் தெரியாதா?" என்று கேட்டால் எப்படி மறுப்பான்? வேப்பை பில் போடும்போதே மெஷின் பிறந்த தேதி கேட்க வேண்டும், இல்லாமல் பில் நகரக் கூடாது. தேதியைக் கையால் அடிக்க விட்டால் ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவார்கள், அதனால் அடையாள அட்டையையே ஸ்கேன் செய்யும்படி வையுங்கள். "மெஷின் விடமாட்டேங்குதுடா" என்று சொல்லிவிடலாம், நட்பும் கெடாது.

அமெரிக்காவில் 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் போட்டோ அடையாள அட்டை பார்த்தே ஆக வேண்டும். கல்லூரி வாசலில் எல்லோரிடமும் கேட்டுவிடுவதே சுலபம். கல்லூரி அட்டையில் பெரும்பாலும் பிறந்த தேதி இருக்காது, அதை ஏற்க வேண்டாம், போனில் இருக்கும் போட்டோவும் வேண்டாம். பர்ஸுக்குள் வைத்தபடியே காட்டினால் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஓரம் பிரிந்திருப்பதும் தேதி சுரண்டப்பட்டிருப்பதும் கையில் வாங்கினால்தான் தெரியும்.

அப்புறம், மெஷினால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது: வயது வந்த சீனியர் வாங்கி ஜூனியர் கையில் கொடுப்பது. கவனித்தால் தெரியும், பணம் பின்னால் நிற்பவன் கையிலிருந்து வரும், எந்த ஃப்ளேவர் என்று அவனைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார். அங்கே மறுக்கத் தைரியம் வேண்டும், அந்தத் தைரியம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்: சந்தேகப்பட்டு மறுத்ததற்காக யாரையும் திட்டமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறுத்ததை ஒரு நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். அதிகாரிகள் வந்தால் காட்டலாம், யார் ஷிஃப்ட்டில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்பதும் தெரியும்.

அவ்வப்போது சட்டப்படி வயது வந்த, ஆனால் சின்னப் பிள்ளை போலத் தெரியும் ஒருவரை வாங்க அனுப்பிப் பாருங்கள். அட்டை கேட்காமல் கொடுத்திருந்தால், அன்றைக்கே அந்தப் பையனிடம் பேசிவிடுங்கள்.