சி ப்ரோகிராமிங் லெசன் பிளான்: பாதி வகுப்பு அரியர் வைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

சி ப்ரோகிராமிங்குக்கு லெசன் பிளான் எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் செமஸ்டர் பாடம், போன பேட்சில் பாதிப் பேர் அரியர், இந்த முறை பாடம் உங்கள் தலையில். கேள்வியிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அப்படியானால் யூனிட் ஒன்றிலிருந்து பிளான் போட ஆரம்பிக்காதீர்கள். செமஸ்டர் முடிவில் மாணவர் யார் துணையும் இல்லாமல் என்ன செய்துகாட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். ‘பாயிண்டரை (ஒரு வேரியபிளின் மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் அதைச் சோதிக்க வழியில்லை. ‘இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷனைப் பாயிண்டர் வைத்து எழுதுவார், பாயிண்டர் இல்லாவிட்டால் ஏன் மாறாது என்று படம் போட்டுக் காட்டுவார்’ என்று எழுதினால் வகுப்புப் பயிற்சியும் இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் இடைத்தேர்வு) கேள்வியும் அதிலேயே கிடைத்துவிடும்.

யூனிட்டுக்கு 9 பீரியட், மொத்தம் 45 என்பது காகிதக் கணக்கு. இன்டர்னல், சிம்போசியம், லீவு எல்லாம் போக 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன்–பாயிண்டர் யூனிட்டுக்கு அதில் 12 கொடுங்கள். ஃபைல் யூனிட்டுக்கு 5 போதும், பாக்கியை லேபில் பார்த்துக்கொள்ளலாம். ‘சிலபஸைக் குறைக்கிறான்’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: எதையும் விடச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் மாற்றிக் கொடுக்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) படி படிப்பவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே பைத்தான் முடிந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான். பைத்தானில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2.5, சி-யில் இரண்டும் முழு எண்ணாக இருந்தால் வெறும் 2. சராசரி கேட்டால் விடை தப்பாக வரும், கம்பைலர் (புரோகிராமை மொழிமாற்றும் மென்பொருள்) வாயே திறக்காது. இந்த மாதிரி வித்தியாசங்களை முதல் வாரமே ரன் செய்து காட்டுங்கள், ஆனால் விடையை முதலில் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு.

ஒவ்வொரு வேரியபிளுக்கும் மெமரிப் பெட்டி வரைவதைப் பாயிண்டர் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் ‘அண்ட்’ குறி (&) போடும் அன்றே பெட்டியும் அதன் முகவரியும் போர்டில் வந்துவிட வேண்டும். பிறகு இரண்டு எண்களை இடம் மாற்றும் அந்த ஸ்வாப் ஃபங்ஷனை (பாயிண்டர் இல்லாதது) காகிதத்தில் வரி வரியாக டிரேஸ் செய்யக் கொடுங்கள், 10 நிமிடம், இருவர் இருவராக. மெயினில் இரண்டு, ஃபங்ஷனுக்குள் இரண்டு என அந்த இரண்டு எண்களுக்கும் நான்கு பெட்டி வர வேண்டும் (தற்காலிக வேரியபிள் இருந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று). இரண்டே பெட்டி வரைந்திருந்தால், ஃபங்ஷனுக்கு மதிப்பின் காப்பிதான் போகிறது என்பதே அவருக்கு விளங்கவில்லை. புரோகிராமை மனப்பாடமாக எழுதுபவர்கள்கூட இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

லேப் ஷெட்யூலையும் சேர்த்தே போடுங்கள். தியரியில் அரே ஓடும்போது லேபில் ஸ்ட்ரக்சர் ஓடினால் ரெக்கார்டை அடுத்தவரைப் பார்த்து எழுதத்தான் செய்வார்கள். அந்த ரெக்கார்டுக்குப் போகும் மணிநேரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. அக்ரெடிடேஷனுக்காக (தர அங்கீகாரம்) நிரப்பும் சிஓ–பிஓ எக்செல் ஷீட்டும் (பாடத்தின் இலக்குகள் படிப்பின் இலக்குகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அட்டவணை) அப்படித்தான்: அதில் போடும் 3, 2, 1 எல்லாம் போன வருட ஃபைலிலிருந்து வரும், ஒரு பீரியடைக்கூட அது மாற்றாது.

முதல் இன்டர்னல் திருத்தியதும் மொத்த மார்க்கை விட்டுவிட்டு, எந்தக் கேள்வியில் எத்தனை பேர் சறுக்கினார்கள் என்று எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டினால் எண்களை மட்டும் மாற்றி அதே கேள்வியை அடுத்த வாரம் மறுபடி கொடுங்கள், மார்க் போடாமல்.