'துப்புக் கெட்டவன்' என்று திட்டுகிறோமே, அதில் வரும் 'துப்பு' எது?

எச்சில் துப்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துப்பறிகிறவர்களையும் கூப்பிட வேண்டாம். இங்கே துப்பு என்றால் வலிமை, திறமை. அது இல்லாதவன் துப்பில்லாதவன். துப்புக் கெட்டவன் என்றாலும் அவனேதான், திட்டில் கொஞ்சம் காரம் கூடும், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து வேலையில்லாமல் வீட்டிலிருந்த நாட்களில் இதை நிறையவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "ஒரு டியூப் லைட் ஸ்டார்ட்டர் மாத்தத் துப்பில்ல" என்பார் அப்பா. காறித் துப்பத்தக்கவன் என்கிறார் போல என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் குறளில் அதே சொல் கண்ணில் பட்டது:

அன்பிலன் ஆன்ற துணையிலன் தான்துவ்வான்
என்பரியும் ஏதிலான் துப்பு (862)

சுற்றத்தாரிடம் அன்பில்லை, வலுவான துணையில்லை, தனக்கும் வலுவில்லை. இப்படிப்பட்டவன் பகைவனின் வலிமையை எப்படித் தொலைப்பான் என்கிறார் வள்ளுவர். கடைசியில் நிற்கும் துப்புதான் நம் ஆள். முதலடியில் வரும் 'துவ்வான்' யார் தெரிகிறதா? வலிமையற்றவன். கிட்டத்தட்ட நம் துப்பில்லாதவனேதான்!

துப்புக்கு உணவு என்றும் பொருள் உண்டு. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்று தொடங்கும் 12ஆம் குறளில் துப்பு உணவு, துப்பார் உண்பவர். (அந்தத் 'துப்பாக்கி' வந்ததும் எங்கள் வகுப்பே சிரித்தது. அது துப்பு + ஆக்கி, உணவை உண்டாக்கி. சுடுகிற துப்பாக்கி வேற்றுமொழியிலிருந்து வந்த சொல்.)

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 42ஆம் குறளில் 'துவ்வாதவர்' என்று வருகிறது. அங்கே அவர்கள் வறியவர்கள், உண்டு அனுபவிக்க வழியில்லாதவர்கள். 862இல் 'துவ்வான்' வலுவில்லாதவன். ஒரே அடிச்சொல் ஓரிடத்தில் வயிற்றையும் இன்னோரிடத்தில் தோளையும் சுட்டுகிறது. சாப்பாடு இருந்தால்தானே தெம்பு? உணவைக் குறித்த சொல்லே வலிமைக்கும் ஆகிவந்திருக்கும் என்பது என் ஊகம். "சோத்துக்கே துப்பில்ல" என்று ஊரில் திட்டும்போது இரண்டு பொருளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாவிடம் ஆர்வமாக விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஸ்டார்ட்டர் மாத்திட்டியா?" என்றார்.