வெஸ்ட் பாயிண்ட் பேஸ்பால்: சீசனுக்கு முன் வாசகர் கேள்விகள்

வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் பேஸ்பால் அணி பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இரண்டு வருஷம் இங்கே ஆடிவிட்டு வேறு கல்லூரிக்கு மாறலாமா என்ற ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. அதற்கு இந்தப் பகுதியின் நடுவில் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவை சுருக்கமாக.

கே: சீசன் எப்போது தொடங்குகிறது? மொத்தம் எத்தனை ஆட்டம்? (வாசகர், சிகாகோ)

பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் டிவிஷன் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அதே நாள்தான். மழை, பனியில் ரத்தாவதைச் சேர்க்காமல் உச்சவரம்பு 56 ஆட்டங்கள்.

கே: ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் மூன்றும் ஒரே லீக்கில்தானே ஆடுகின்றன? (வாசகர், சான் ஹோசே)

இல்லை. ஆர்மியும் (வெஸ்ட் பாயிண்ட் அணிக்கு அதுதான் பெயர்) நேவியும் பேட்ரியட் லீக். ஏர் ஃபோர்ஸ் மவுன்டன் வெஸ்ட். அட்டவணையை ஒரு முறை திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

கே: வருஷா வருஷம் பிப்ரவரியில் வரிசையாகத் தோற்கிறார்கள். பயிற்சி சரியில்லையா? (வாசகர், அட்லாண்டா)

பயிற்சி நடக்கும் இடத்தைப் பாருங்கள். வெஸ்ட் பாயிண்ட் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது. பிப்ரவரியில் மைதானம் பனியில் கிடக்கும். ஜனவரி முழுக்க உள்ளரங்கில், செயற்கைப் புல்லில்தான் பயிற்சி. செயற்கைப் புல்லில் பந்து ஒரே சீராக எழும்பும். தெற்கே போய் முதல் முறை மண்ணில் ஆடும்போது அதே பந்து கடைசி நொடியில் துள்ளி ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) மணிக்கட்டில் படுகிறது. கூரைக்கு அடியில் உயரப் பந்து பழக முடியாது. மட்டையாளர் நிற்கும் பிளேட்டுக்கு நேர் மேலே எழும் ஃபவுல் பந்து, சுழற்சியால் இறங்கும்போது களத்தின் பக்கமாகத் திரும்பி வரும். கேட்சர் களத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் அதைப் பிடிக்க வேண்டும். ஒரு மாதமாக வானத்தையே பார்க்காதவர் முதல் வாரம் இரண்டைத் தவறவிடத்தான் செய்வார்.

இன்னொன்று, எறிதல் எண்ணிக்கை. முதல் வாரம் தொடக்க பிட்சரை 65, 70 எறிதலோடு நிறுத்திவிடுவது நல்ல அணிகளின் வழக்கம். வாரத்துக்குப் பத்துப் பதினைந்தாக ஏற்றி, லீக் ஆட்டங்கள் வரும்போது 100-ஐத் தொடுவார். அதுவரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே புல்பென் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) திறந்துவிடும். எதிரே நிற்பதோ வருஷம் முழுக்க வெயிலில் ஆடும் தெற்கத்திக் கல்லூரி. மார்ச் கடைசி வரை வெற்றி-தோல்விக் கணக்கைப் பார்க்காதீர்கள். பிட்சர்கள் இலவசமாகக் கொடுக்கும் ‘வாக்’குகளும் (walk), ஃபீல்டிங் பிழைகளும் வாரா வாரம் குறைகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கே: என் மகன் பதினோராம் வகுப்பு. 88 மைல் வேகத்தில் வீசுகிறான். வெஸ்ட் பாயிண்டில் இரண்டு வருஷம் இலவசமாகப் படித்து ஆடிவிட்டு, பால் ஸ்கீன்ஸ் மாதிரி பெரிய கல்லூரிக்கு மாறிவிடலாம் என்று திட்டம். எப்படி விண்ணப்பிப்பது? (ஒரு தந்தை, டாலஸ்)

இப்படி வந்தவை உங்கள் கடிதம் மட்டுமல்ல. எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இந்தத் திட்டத்தோடு விண்ணப்பிக்காதீர்கள்.

முதலில் ஸ்கீன்ஸ் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் படித்தது வெஸ்ட் பாயிண்டில் அல்ல, ஏர் ஃபோர்ஸ் அகாடமியில். கேட்சராகவும் பிட்சராகவும் இரண்டு சீசன் ஆடினார். 2022 கோடையில் எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மாறி, மேஜர் லீக் அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2023 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். விமானப்படை அதிகாரியாகும் ஆசையோடு அங்கே சேர்ந்தவர் அவர். வெளியேறும் தேதியைக் குறித்துக்கொண்டு உள்ளே போகவில்லை.

விதி அனுமதிப்பது உண்மைதான். மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கும்போது உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்கு முன் விலகினால் கடமை எதுவும் இல்லை. எடுத்த பிறகு விலகினால் சாதாரண சிப்பாயாகப் பணி செய்யவோ, படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டவோ சொல்லலாம். படிப்பை முடித்தால் ஐந்து ஆண்டு முழுநேரப் பணி, பிறகு மூன்று ஆண்டு ரிசர்வ். அந்த ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள், மகனோடு உட்கார்ந்து படியுங்கள்.

அந்த இரண்டு வருஷமும் இலவசம் என்று எண்ணுவது தப்புக் கணக்கு. முதல் கோடை ஆறு வாரம் அடிப்படைப் பயிற்சி. தூக்கம் குறைவு, நடை அதிகம். பையன் கட்டிவைத்த எடையில் நாலைந்து கிலோ கரைந்துதான் இலையுதிர்காலப் பயிற்சிக்கு வருவான். அடுத்த கோடை கேம்ப் பக்னரில் களப் பயிற்சி. மற்ற கல்லூரிப் பையன்கள் அந்தக் கோடைகளில் கேப் காட் போன்ற கோடை லீக்குகளில் 40 ஆட்டம் ஆடி, ஸ்கவுட்டுகளின் (அணிகளுக்காகத் திறமை தேடுபவர்கள்) கண்ணில் பட்டுக்கொண்டிருப்பார்கள். வேகத்தை வளர்த்துக்கொள்ள மட்டும் இடம் தேடுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடையாது.

அகாடமிக்கு இதனால் வரும் இழப்பைத்தான் யாரும் எழுதுவதில்லை. வேறு கல்லூரியில் ஒரு பிட்சர் போனால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) மூன்று வாரத்தில் இன்னொருவரைப் பிடித்துவிடுவார்கள். இங்கே அந்தக் கதவு வெளிப்பக்கம் மட்டும்தான் திறக்கும். வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் முடித்தவரும் இங்கே முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். யார் வருவார்? எட்டு செமஸ்டரில் பட்டம் வாங்கியாக வேண்டும் என்பதால் வழக்கமான ரெட்ஷர்ட் (ஒரு வருஷம் ஆடாமல் இருந்து தகுதியை நீட்டிப்பது) கிடையாது, ஐந்தாம் ஆண்டுக்காரர் கிடையாது. எதிரணியில் 23 வயது ஆள் மட்டை பிடிக்கும்போது இங்கே 19 வயதுப் பையன் வீசுகிறான். கேடட்டுகள் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதால் விளம்பரப் பணமும் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிட்சர் பாதியில் போனால் அந்த ஓட்டை இரண்டு வருஷத்துக்கு அடைபடாது. தவிர, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஓர் உறுப்பினரது பரிந்துரைக் கணக்கில் ஒரே நேரத்தில் ஐந்து கேடட்டுகள்தான் இருக்க முடியும். உங்கள் மகன் எடுக்கும் இடம் ராணுவத்துக்கே போக ஆசைப்படும் இன்னொரு பிள்ளையின் இடமாக இருக்கலாம்.

உண்மையிலேயே அதிகாரியாக விருப்பம் இருந்தால், பதினோராம் வகுப்பு வசந்தத்திலேயே தொடங்குங்கள். உங்கள் தொகுதிப் பிரதிநிதி, இரண்டு செனட்டர்கள், மூவருக்கும் நியமனப் பரிந்துரை கேட்டுத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சியாளர் கூப்பிட்டாலும் இது இல்லாமல் நடக்காது. உடல்தகுதித் தேர்வில் ஆறு பகுதி: முழந்தாளிட்டு பாஸ்கட்பால் எறிதல், புல்-அப், ஷட்டில் ஓட்டம், வயிற்றுப் பயிற்சி, தண்டால், ஒரு மைல் ஓட்டம். பிட்சர்கள் வழுக்குவது புல்-அப்பிலும் மைல் ஓட்டத்திலும்தான். ஆறையும் ஒரே மூச்சாகச் செய்து பழகுங்கள். தனித்தனியாகப் பழகியவர்கள் கடைசி ஓட்டத்தில் துவண்டுபோகிறார்கள். மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 13 வயதுக்குப் பின் ஆஸ்துமா, முழங்கை அறுவை சிகிச்சை எதுவானாலும் ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள். விலக்கு கிடைக்க மாதங்கள் ஆகும்.

கே: அகாடமியில் முடித்துவிட்டு மேஜர் லீக் போனவர்கள் உண்டா? (வாசகர், டொராண்டோ)

உண்டு. உங்கள் ஊர் புளூ ஜேஸுக்கு 2017 ஆகஸ்டில் ஆடிய கிறிஸ் ரௌலிதான் வெஸ்ட் பாயிண்ட் பட்டதாரிகளில் முதல்வர். 2024-இல் சின்சினாட்டிக்கு ஜேக்கப் ஹர்டுபைஸ் ஆடினார். தொழில்முறையாக ஆடுவதற்காக ராணுவப் பணியை ஒத்திவைக்கும் விதி மாறிக்கொண்டே இருக்கிறது: 2017-இல் மூடினார்கள், 2019-இல் திறந்தார்கள், 2022 டிசம்பர் சட்டத்தில் மறுபடி இறுக்கினார்கள். அடுத்த மாற்றத்தை நம்பி யாரும் சேர வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள்.

கே: இந்த வருஷம் லீக் பட்டம் மீளுமா? ஆர்.பி.ஐ. (அணிகளின் தரவரிசைக் கணக்கு) நன்றாக இருந்தால் லீக்கில் தோற்றாலும் என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டிக்குப் போகலாமா? (வாசகர், பாஸ்டன்)

2018-இலிருந்து 2024 வரை, தொற்றால் நின்ற 2020 தவிர, ஆர்மிதான் சாம்பியன். 2025-இல் ஹோலி கிராஸ் தட்டிக்கொண்டு போனது. ஜோசியம் சொல்ல மாட்டேன். ஆனால் பின்கதவு இல்லை. வெளியூர் வெற்றிக்கு 1.3, உள்ளூர் வெற்றிக்கு 0.7 என்ற கணக்கு ஆர்மிக்கு முதல் மாதம் கை கொடுக்கும். ஆர்.பி.ஐ.யில் பாதி எடை எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு என்பதால் ஏப்ரலில் லீக் ஆட்டங்கள் கீழே இழுத்துவிடும். ஆறு அணிகளில் முதல் நான்குக்குள் வந்து, தொடரை வென்றால்தான் 64 அணிப் போட்டிக்கு வழி. மேல் இடத்தில் முடித்தவர் மைதானத்தில்தான் ஆட்டம் என்பதால் முதலிடத்துக்குக் கூடுதல் மதிப்பு.

கே: குளிரில் மட்டை உடைகிறது என்கிறார்களே? (வாசகர், மினியாபொலிஸ்)

காம்போசிட் (இழைக் கலவை) மட்டை சுமார் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விரிசல் விடும். அலுமினியம் எடுங்கள். 33 அங்குல மட்டை 30 அவுன்ஸுக்குக் குறையக் கூடாது என்ற கல்லூரி விதி இரண்டுக்கும் ஒன்றுதான். இரவில் காரில் போட்டு வைக்காதீர்கள்.

கே: பேஸ்பாலைக் கண்டுபிடித்த டபிள்டேயின் பெயர்தானே மைதானத்துக்கு? (வாசகர், எடிசன்)

பெயர் அவருடையதுதான், கண்டுபிடிப்பு அவருடையது அல்ல. 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் உருவாக்கினார் என்று 1907 அறிக்கை சொன்னபோது அவர் இறந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த 1839-இல் அவர் வெஸ்ட் பாயிண்டில் கேடட். 1842 வகுப்பு.

கே: குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வரலாமா? என் பெற்றோர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். (அதே வாசகர்)

தாராளமாக. மன்ஹாட்டனிலிருந்து 50 மைல்தான். ஆனால் அது ராணுவத் தளம். மாலெக் பார்வையாளர் மையத்தில் அடையாள அட்டை காட்டி, சரிபார்த்து, அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உங்களுக்கு ரியல் ஐடி உரிமம், பெற்றோருக்கு அசல் பாஸ்போர்ட். போனில் எடுத்த படம் செல்லாது. ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். மைதானத்தில் சுமார் 900 இருக்கைகள். நேவி வரும் நாளில் முன்பதிவு செய்யுங்கள். ஏப்ரல் பாதி வரை ஆற்றுக் காற்று எலும்பைத் துளைக்கும், பெரியவர்களுக்குக் கம்பளி எடுத்துப் போங்கள்.

கே: இந்தியக் குடிமகன் சேரலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

அந்தந்த நாட்டு அரசே அனுப்பும் ஒரு சில கேடட்டுகளைத் தவிர, அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே.